மாப்பிள்ளை வைத்த பெட்டியும் பெங்களூர்ப் பேச்சும்

உ

தென்காசி,
ஆனி 12, வியாழக்கிழமை.

எங்கள் குடும்பத்துக்குக் கிடைத்த நல்முத்தாகிய மாப்பிள்ளை திரு. குமரகுரு அவர்களின் சமூகத்துக்கு, சார்பதிவாளர் அலுவலக வாசலில் முப்பத்துநாலு வருஷம் பத்திரம் எழுதி ஓய்ந்த மாமனார் தாணுமாலயன் மெத்த மரியாதையுடன் எழுதிக்கொண்டது. இங்கே சாரல் சுகம், காற்று சுகம், நான் சுகம், உங்கள் அத்தை லோகநாயகி முழங்காலைத் தவிர மற்ற இடங்களில் சுகம். மெயினருவியில் ஆர்ச்சைத் தாண்டித் தண்ணீர் விழுகிறதாம், குளிக்க விடவில்லையாம். தாங்களும் வித்யாவும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று தெய்வத்தின் மேல் பாரத்தைப் போட்டிருக்கிறேன். இந்தக் கடிதத்தில் என் தவறுகள் சில ஒப்புக்கொள்ளப்பட்டிருப்பதால், வித்யா கண்ணில் படாமல் இருக்கும்பொருட்டு விரைவுத் தபாலில் தங்கள் ஆபீஸ் விலாசத்துக்கு அனுப்புகிறேன். படித்ததும் கிழித்துவிடவும்.

ஆதியிலிருந்து வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு வரும், பத்திரம் எழுதின கை. போன தை மாசம் உங்கள் அத்தை அடுப்படியில் தலைசுற்றி விழுந்தது தங்களுக்குத் தெரியும். சர்க்கரை இறங்கிவிட்டது, அவ்வளவுதான். அரைத் தம்ளர் கருப்பட்டிக் காப்பி உள்ளே போனதும் எழுந்து உட்கார்ந்து, 'பால் பொங்கிட்டா?' என்று கேட்டாள். ஆனால் வித்யா விடுவாளா? வீட்டைப் பூட்டுங்க, பெங்களூருக்குக் கிளம்புங்க என்று ஒற்றைக் காலில் நின்றாள். உங்கள் வீடு பதினாலாவது மாடி. நல்ல வீடுதான், குறை சொல்லவில்லை, ஆனா கண்ணாடியை மறந்து வச்சுட்டுக் கீழ எறங்கினா மறுபடி ஏறிப்போய் எடுத்துட்டு வரதுக்குள்ள பேப்பர் பழசாயிரும். அந்தச் சமயத்தில் குறுக்கே விழுந்து எங்களைக் காப்பாற்றியவர் தாங்கள். 'வீட்டுல ஒரு பெட்டி வைப்போம். மேல்தொட்டித் தண்ணி, மோட்டார், பிரிட்ஜோட குளிர்ச்சி, அடுப்படியில ஆள் நடமாட்டம், எல்லாத்தையும் அளந்து நம்பரா அனுப்பிரும். முப்பது நாள் விடாம நம்பர் வந்துட்டா அப்புறம் யாரும் பெங்களூர்ப் பேச்சை எடுக்கக் கூடாது' என்று அவளிடம் உடன்படிக்கை செய்து கொடுத்தீர்கள். பெற்ற மகளே கைவிட்ட இடத்தில் மாப்பிள்ளை நின்றார் என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன்.

சித்திரையில் தாங்களே வந்து பெட்டியை மாட்டி, அடுப்படி மூலையில் ஆள் நடமாடினால் கண்டுகொள்ளும் ஒரு சின்னக் கண்ணையும் ஒட்டிவிட்டுப் போனீர்கள். பெட்டிக்குள் எக்ஸ்போர்ட்டர் என்று ஒருத்தன் இருக்கிறான், அவன் பதினைந்து நொடிக்கு ஒரு தரம் நம்பர்களைத் திரட்டி, எங்கேயோ சீமையில் நம்பர்களைச் சேமித்து வைக்கிற ஒரு கிட்டங்கிக்கு அனுப்புவான், அங்கிருந்து வித்யாவின் போனில் கோடு கோடாகத் தெரியும் என்று விளக்கினீர்கள். எங்க வீட்டுப் பிரிட்ஜைப் பத்திப் பதினஞ்சு நொடிக்கு ஒரு தரம் தெரிஞ்சு சீமைக்காரன் என்னத்தைச் செய்யப் போறான்னு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. மாப்பிள்ளையாயிற்றே என்று விழுங்கிக்கொண்டேன்.

வினை வைகாசியில் வந்தது. கிட்டங்கி வேறிடத்துக்கு மாறிவிட்டது, புது விலாசத்தையும் சாவி என்கிற புது ரகசிய எழுத்துகளையும் பெட்டியில் உள்ள கோப்பில் எழுத வேண்டும், பாதுகாப்புக்காக வெளியிலிருந்து பெட்டிக்குள் நுழைய வழி வைக்கவில்லை, ஆகவே நான்தான் எழுத வேண்டும் என்று போனில் சொன்னீர்கள். இருபது வரி அனுப்பி, 'மாமா, ஒரு புள்ளி மாறாம அப்படியே எழுதிருங்க' என்றீர்கள். யாரிடம் சொல்கிறீர்கள்? நிலத்தின் நாலு மால் எல்லை விவரத்தில் ஒரு சென்ட் பிசகாமல் எழுதின கையாக்கும். குளித்து, விபூதி பூசி, தாங்கள் விட்டுப்போன லேப்டாப் முன்னால் உட்கார்ந்து, இரண்டு விரலால் இரண்டு மணி நேரம் அடித்தேன். அப்படியேதான் எழுதினேன், மாப்பிள்ளை. ஆனால் உச்சியில் ஒரு பிள்ளையார் சுழி போட்டேன். போடாம எப்படி ஆரம்பிக்கது? பலசரக்குச் சீட்டுக்கே போடுதோம். அப்புறம் சில வரிகளுக்கு முன்னால் வெற்று இடம் விட்டிருந்தீர்கள். பத்திரத்தில் வெற்றிடம் விட்டால் பின்னால் எவனாவது ஒரு வார்த்தையைச் சொருகி நிலத்தையே எழுதி வாங்கிவிடுவான் என்பது நான் என் குருநாதரிடம் படித்த முதல் பாடம். மாப்பிள்ளை சின்ன வயசு, விவரம் தெரியாமல் விட்டுட்டார் என்று நினைத்து, அவ்வளவு இடத்தையும் சின்னச் சின்னக் கோடு போட்டு அடைத்தேன். கடைசியில் 'அடித்தல் திருத்தல் இல்லை' என்று எழுதி, என் பெயரும் போட்டு, சாட்சிக்கு உங்கள் அத்தையின் பெயரையும் சேர்த்தேன்.

எக்ஸ்போர்ட்டர் எழுந்திருக்கவே இல்லை. பதினோரு நாள்! முப்பது நாள் எண்ணிக்கை சுழியத்தில் நிற்கிறது, வித்யா போனில் சிவப்பு விளக்கு எரிகிறது. 'அப்பா, அம்மா எங்க? அடுப்படியில ஆளே இல்லன்னு காட்டுது, போனைக் குடுங்க' என்று பொழுது விடிந்ததிலிருந்து அடைகிற வரைக்கும் நாலு தடவை கூப்பிடுவாள். தாங்களும் அமெரிக்கா ஆபீஸ் வேலைக்கு நடுவில் கூப்பிட்டு, எழுதினதைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னீர்கள். நான் மறுத்தேன். மன்னிக்கவும். சாவி எழுதியிருக்கிற ஆவணத்தைப் படம் பிடித்து ஊரெல்லாம் அனுப்புவது எங்கள் தொழிலில் வழக்கம் இல்லை. 'நீங்க சொன்னபடி அட்சரம் பிசகாம இருக்கு, கோளாறு கிட்டங்கிக்காரன்கிட்டதான்' என்று அடித்துச் சொன்னேன். இப்போது நினைத்தால் கூசுகிறது.

அதற்குள் ஒருநாள் சாரல் அருமையாக இருக்கிறதே என்று நானும் அத்தையும் இட்லித் தட்டோடு மொட்டை மாடிக் கொட்டகையில் போய் உட்கார்ந்தோம். போனைக் கீழே வைத்துவிட்டோம். வித்யா கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பதறிப்போய் அடுத்த வீட்டுச் சங்கிலிப்பாண்டிக்குப் போன் போட்டிருக்கிறாள். அவர் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர், கதவைத் தட்டுகிற பழக்கம் சர்வீசிலேயே கிடையாது போல. காம்பவுண்டுச் சுவர் ஏறிக் குதித்து, உங்கள் அத்தையின் கருவேப்பிலைக் கன்று மேலேயே விழுந்து, 'ஏ அண்ணாச்சி! உசுரோட இருக்கியளா?' என்று ஒரு சத்தம். 'இருக்கேன்வே, சட்னிதான் தீந்துபோச்சு'ன்னேன். மனுஷன் கைலியைத் தட்டிவிட்டுக்கொண்டு மேலே வந்து எட்டு இட்லி சாப்பிட்டார். கன்று பிழைக்கவில்லை. அத்தை இன்னும் அவரோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

இனி தாங்காது என்று லேப்டாப்பையும் பெட்டியையும் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிற அதீபா என்ற பெண்ணிடம் போனேன். கடையநல்லூர்ப் பிள்ளை, கெட்டிக்காரி. திரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி திரையைப் பார்த்தாள்.

'சார், மேல என்ன இது?'

'பிள்ளையார் சுழிம்மா.'

'கீழ?'

'சாட்சி.'

முந்தானையை வாயில் வைத்து அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. கண்ணில் தண்ணி வருகிற வரைக்கும் சிரித்துவிட்டு, 'சார், இந்த வெத்து இடந்தான் எந்த வரி எதுக்குக் கீழ வருதுன்னு அதுக்குச் சொல்லும். நீங்க அதைப் பூராவும் கோடு போட்டு அடைச்சிருக்கீங்க' என்றாள். முப்பத்துநாலு வருஷ சர்வீசில், வெற்றிடம்தான் விஷயமே என்று எழுதின ஆவணத்தை நான் கண்டதில்லை. சாட்சியை நீக்கினாள், கோடுகளை அழித்தாள். பிள்ளையார் மேல் கை வைக்கப் போனபோது, 'அவர் இருக்கட்டும் தாயி, வேலை கெட்டுப்போகும்'னு கெஞ்சினேன். கொஞ்சம் யோசித்து, சுழிக்கு முன்னால் ஒரு ஹேஷ் குறியைப் போட்டாள். அந்தக் குறி இருக்கிற வரியை எக்ஸ்போர்ட்டர் படிக்காமல் தாண்டிப் போவானாம், மனுஷர் மட்டும் படித்துக்கொள்ளலாமாம். எவ்வளவு பண்பான ஏற்பாடு! தட்டினாள். ஓடியது. காசு வேண்டாம் என்றுவிட்டாள், இப்படிச் சிரித்து ரொம்ப நாளாச்சாம்.

அன்று தொட்டு இன்றோடு இருபத்தாறு நாள். ஒரு நம்பர் தவறவில்லை. இன்னும் நாலே நாள், அதோடு பெங்களூர்ப் பேச்சு முடிந்தது. எங்களுக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. சீசனுக்கு வர வேண்டுமே என்று தாங்கள் லீவு கீவு போட்டு அலைய வேண்டாம், வித்யாவையும் அலைக்கழிக்க வேண்டாம். நம்பர்கள் எங்களை நன்றாகப் பார்த்துக்கொள்கின்றன.

தாங்களும் என் மகளும் பண்பொழிக் குமரன் அருளால் நோய்நொடி அண்டாமல், கைநிறைய வேலையும் வாய்நிறையச் சிரிப்புமாக நீடூழி வாழ, இந்தக் கிழவனும் கிழவியும் வாழ்த்துகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் மாமனார்,
தாணுமாலயன்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன்னால் ஒரு பிழைதிருத்தல். மேலே எழுதினதில் குறை இல்லை என்ற பகுதி செல்லாது.

நம்பர் ஒழுங்காய் வர ஆரம்பிச்ச நாள்லருந்து வித்யா போனே பண்ணுதது இல்லை, மாப்பிள்ளை. ஞாயித்துக்கிழமை ரெண்டு நிமிஷம். 'அம்மா ஆறு மணிக்கே எந்திரிச்சுட்டா, பாத்துட்டேம்ப்பா, நல்லாத்தான இருக்கீங்க'ன்னுட்டு வச்சிருதா. அவளையும் குத்தம் சொல்ல முடியாது, அவளுக்கு ஆயிரம் சோலி. நேத்துக் காலையில அடுப்படிக்குப் போனேன். உங்க அத்தை அந்தச் சின்னக் கண்ணுக்கு முன்னால நின்னு கையை ஆட்டிக்கிட்டு இருக்கா. என்னட்டி பண்ணுதேன்னு கேட்டேன். 'வித்யா இதுல என்னைப் பாப்பால்லா'ன்னா. 'அதுல மூஞ்சி தெரியாதுட்டி, நம்பர்தான் போகும்'னேன். 'போட்டும். ரெண்டு நம்பர் கூடப் போட்டும்'னுட்டு இன்னும் வேகமா ஆட்டுதா. எனக்கு ராத்திரி பூரா உறக்கமில்லை.

அதனால இன்னைக்கு மத்தியானம் பிளக்கைப் பிடுங்கிட்டேன். இதை எழுதுததுக்குள்ள வித்யா மூணு தடவை கூப்பிட்டுட்டா. உங்க அத்தை முகத்தை நீங்க பாக்கணுமே! மூணாவது தடவை ரசத்துக்குப் பக்குவம் கேட்டிருக்கா, அரை மணி நேரம் போச்சு. எண்ணிக்கை மறுபடி ஒண்ணுலருந்து ஆரம்பிக்கணும்னு தெரியும். பெங்களூர்ப் பேச்சு வந்தாலும் வரட்டும், வந்தப்புறம் பாத்துக்கிடுவோம். இது போன்ல சரிபண்ணக்கூடிய கோளாறு இல்லைன்னும், நேர்லதான் வரணும், ரெண்டு பேருமா வந்தாத்தான் ஆகும்னும் தாங்கதான் அவகிட்ட எடுத்துச் சொல்லணும். காரணம் கேட்டா எலி ஒயரைக் கடிச்சிட்டுன்னு சொல்லிருங்க. நீங்க வந்து பாக்கும்போது ஒயர் கடிபட்டுத்தான் இருக்கும், எங்க வீட்டுல எலி கிடையாதுங்கதால நானே கடிச்சு வச்சிருக்கேன். பிளக்கைப் பிடுங்கினப்புறந்தான் கடிச்சேன், பதறாண்டாம்.