மூலையில் இருந்த விரல்

துலக்கி என்று ஓர் இனம் உண்டு. உங்கள் வீட்டிலேயே ஒன்று நடமாடிக்கொண்டிருக்கலாம். பாத்திரம் துலக்கச் சொன்னால் இடுப்பைப் பிடித்துக்கொள்ளும். பழைய போட்டோ கையில் சிக்கினால் மட்டும் சோறு தண்ணீர் வேண்டாம். அலமாரிக்கு அடியிலிருந்து பிலிம் சுருளை உருவி, ஸ்கேனரில் படுக்கவைத்து, கீறலை மூடி, பூஞ்சையைத் துடைத்து, சித்தப்பாவின் தொப்பையைக் கரைத்து, மேகம் மூடிய வானத்துக்கு நீலம் பூசி, பெரியம்மாவுக்கு அவளே கண்டிராத ஒரு நிறத்தையும் கொடுத்துவிட்டு, "இப்பத்தான் பளிச்னு இருக்கு" என்று நாற்காலியில் சாயும். யார் கேட்டது? ஒருவரும் கேட்கவில்லை.

நம்ம துலக்கி ஓர் ஆபீஸில் கணக்கர். அவருடைய அப்பா உயிரோடிருந்தவரை கேமராவை வேறு ஆள் தொட விட்டதில்லை. அதனால் எந்தக் குடும்பப் படத்திலும் அவர் கிடையாது. லென்ஸை மறைத்த அவருடைய விரல் மட்டும் ஒவ்வொரு படத்தின் மூலையிலும் மங்கலாகத் துருத்திக்கொண்டிருக்கும். மகன் விடுவாரா? அந்த விரலைத் தேடித் தேடி அழித்து, அது இருந்த இடத்தில் புல்லையும் கடலலையையும் வரவழைத்து, பழசுக்கு மேலேயே சேமித்து, இனி எதற்கு இந்தக் குப்பை என்று நெகட்டிவ்களையும் கடாசிவிட்டு, ஆல்பம் போட்டு அம்மாவின் மடியில் வைத்தார். பாராட்டு வாங்கப் பக்கத்திலேயே உட்கார்ந்தும் கொண்டார்.

அம்மா புரட்டினாள். முகங்களைப் பார்க்கவில்லை, மூலைகளையே பார்த்தாள்.

"அப்பா எங்கடா?"

"அவர்தானேம்மா எடுத்தாரு. எந்தப் படத்துலயும் இல்லையே."

"ஓரத்துல இருந்தாரே. அவரோட அடையாள அட்டையில முறைச்சிக்கிட்டு இருக்கறது யாரோ. என்கூட ஊரெல்லாம் சுத்தினது அந்த விரல்தான்."

துலக்கி நெகட்டிவ்களைத் தேடிக் குப்பைத்தொட்டிக்கு ஓடினார், வண்டி வந்து அள்ளிப்போய்விட்டிருந்தது. சும்மா இருப்பாரா? தன் விரலையே படம் பிடித்து, மூலைக்கு மூலை ஒட்டி, ஆல்பத்தைப் புதிதாக அச்சடித்துக் கொண்டுவந்து நீட்டினார்.

அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டாள்.

"நகமெல்லாம் தெரியுதே."

"மங்கலா இருந்தா நல்லா இருக்காதேன்னு கொஞ்சம் தெளிவாக்கினேம்மா."

"இது உன் விரல்டா" என்று ஆல்பத்தை மூடிவைத்தாள் அம்மா. பாவம், அழிக்கத் தெரிந்த மனுஷனுக்கு அழக்கூட அன்றைக்குத்தான் வந்தது.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். போன வாரம் நீங்கள் பளிச்சென்று ஆக்கிவைத்தீர்களே ஒரு குடும்பப் படம், அதன் ஓரத்தில் அசிங்கமாக ஏதோ இருந்தது இல்லையா? அது என்னவென்று வீட்டில் யாரிடமாவது கேட்டுவிடுங்கள். இன்றைக்குக் குப்பை வண்டி வருவதற்குள்.