பின்னறைக்காக ஒரு தந்திப் போட்டி

அன்பு மைத்துனனுக்கு உன் அத்தான் ஆசி கூறி எழுதுவது. இவ்விடம் என் மானத்தைத் தவிர அனைவரும் சுகம். அவ்விடத்துச் சுகத்துக்குப் பதில் போடு. இப்படி ஒரு கடிதம் வந்ததாக உன் அக்காவிடம் மூச்சு விடாதே. பின்னறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்க்கும் என் மகளுக்கு, நானும் என் பழைய தந்திக் கருவியும் குடியிருக்கும் இந்தப் பின்னறை வேண்டுமாம். நான் எதை எழுதினாலும் கூடவே என் இடது விரல் அந்த எழுத்துகளைத் தந்திக் குறியாக மேசையில் தட்டிக்கொண்டே வரும் அல்லவா, முப்பது வருஷப் பழக்கம், அதுவும் அவளுக்கு எரிச்சல். "இந்த டொக்கு டொக்குக்கு ஒரு ரூமாப்பா? நீங்க ஒரு வரி தட்டறதுக்குள்ள நான் போன்ல பத்து மெசேஜ் போட்டுடுவேன்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. போட்டி வைத்துக்கொண்டோம், தோற்றால் திங்கட்கிழமை நான் அறையைக் காலி செய்ய வேண்டும். மகள் போனில் அடிக்க, மொட்டை மாடியில் மருமகன் வாங்குவது. நான் தட்ட, கூடத்தில் பென்சிலோடு உன் அக்கா வாங்குவது. ஒரே தந்தி ஆபீசில் எதிரெதிர் மேசையில் உட்கார்ந்து காதலித்தவர்கள் நாங்கள், என் தும்மலைக்கூட எழுத்தாக்கிவிடுவாள் என்று நம்பித்தான் இறங்கினேன். வாசகம், "மழை வருமுன் காயும் துணியை எடு." மகள் பாதி அடிப்பதற்குள் நான் முடித்துவிட்டுக் கைகட்டி நின்றேன். மருமகன் துணியோடு இறங்கி வந்தார், உன் அக்கா வெறும் தாளோடு வந்தாள். "ஒண்ணுமே கேக்கலைங்க. காது முன்ன மாதிரி இல்ல" என்கிறாள்.

மறுநாளே காது டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். அவர் இவள் முதுகுக்குப் பின்னால் நின்று முணுமுணுப்பாக வயதைக் கேட்டார், இவள் திரும்பாமலே ஐந்து வயதைக் குறைத்துச் சொன்னாள். "பாம்புக் காதும்மா உங்களுக்கு" என்று அனுப்பிவிட்டார். எங்கே படித்தவரோ தெரியவில்லை.

ஆகையால் ஞாயிற்றுக்கிழமை நீ வந்து, காதுக் கருவி மாட்டிக்கொள்ளும்படி அவளுக்குப் புத்தி சொல்லி, மறுபோட்டிக்கு நடுவராக உட்கார வேண்டும். இந்த அறையும் போனால் நான் எங்கே போவேன், சொல். கூடத்தில் உட்கார்ந்தால் உன் அக்கா ஓயாமல் பேசுவாள்.

உன் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசி. நீ நூறு வயது வரை நல்ல காதோடு வாழ்க.

இப்படிக்கு,
தோற்காமலே தோற்ற உன் அத்தான்

பி.கு.: கையெழுத்துப் போட்டு நிமிர்வதற்குள் சுவருக்கு அந்தப் பக்கம் கரண்டிச் சத்தம். உன் அக்காதான் தட்டுகிறாள். "கடிதம் முழுக்கக் கேட்டாச்சு. தம்பிக்குப் போன்ல அனுப்பியும் ஆச்சு. வயசு விஷயத்தை மட்டும் விட்டுட்டேன்." பாழாய்ப்போன என் இடது விரல். இதைத் தபாலில் சேர்க்கும் முன்பே நீ படித்தாயிற்று, இருந்தாலும் அனுப்புகிறேன், வயசு விஷயம் இதில்தான் இருக்கிறது. கோபத்தோடு திருப்பித் தட்டினேன், "அப்ப அன்னைக்கு ஏன் கேக்கலைன்னே?" பதில் ஒவ்வொரு எழுத்தாக, நிதானமாக வந்தது. "ரிட்டயர் ஆனதுல இருந்து அந்த ரூம்லயே கிடக்கறீங்க. எனக்குப் பேச ஆள் வேணாமா?"

ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வா. மேசையைக் கூடத்துக்குத் தூக்க ஒரு ஆள் குறைகிறது.