அக்காவுக்கு வாக்குச் சொன்ன சாமி

காசில்லாமல் ஊர் சுற்றினால் மனிதனுக்குப் பணிவு வரும் என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள். வயிறு நிறையச் சோறும், முன்னால் கும்பிட்டபடி இரண்டு பேரும் இருந்தால், பணிவு படிக்கப் போனவன் அரை மணித்தியாலத்தில் ஞானியாகிவிடுவான். நான் ஆனேன். அந்த ஞானத்தால் என் ஒரே அக்காவின் கலியாணத்தையே கவிழ்க்கப் பார்த்தேன்.

அப்போது கம்பஸ் படிப்பை முடித்துவிட்டு ஓர்ஸ் ஹில்லில் வீட்டோடு இருந்தேன். ("வீட்டோட நிக்கிறார்" என்பது அம்மா ஆட்களுக்குச் சொல்லும் மரியாதையான வடிவம். அக்கா சொல்லும் வடிவத்தை அச்சில் போட ஏலாது.) விண்ணப்பம் போட்ட இடங்கள் எல்லாம் மௌனவிரதம் இருந்தன. போனில் எளிய வாழ்க்கை பற்றிய வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளி, ஒருநாள் சாப்பாட்டு மேசையில் அறிவித்தேன்: "நான் கதிர்காமத்துக்கு நடந்து போகப்போறன். போனும் இல்லை, காசும் இல்லை. எளிமையாய் வாழ்ந்து பாக்கப்போறன்."

அக்கா சோற்றிலிருந்து தலை நிமிர்த்தவில்லை. "உனக்கு வருமானமே இல்லை. இதில எளிமை வேறையோ?"

அக்காவுக்கு அந்த நாட்களில் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். வந்த நாலு மாப்பிள்ளைமாரையும் "மூஞ்சியைப் பார்" என்ற ஒரே வாக்கியத்தில் கழித்துவிட்டவள், ஐந்தாவதாகத் தரகர் கொண்டுவந்த படத்தை மட்டும் இரண்டு தரம் பார்த்தாள். மூன்றாம் தரம் யாரும் இல்லாத நேரத்தில் பார்த்ததை நான் கண்டேன். அம்மா கேட்டபோது "ஓம்" என்றும் சொல்லவில்லை, எழும்பிப் போகவும் இல்லை. எங்கள் வீட்டில் அது பட்டாசு கொளுத்த வேண்டிய செய்தி.

மாப்பிள்ளைக்குப் புல்மோட்டையில் வேலை. அவ்வளவுதான் என் காதில் விழுந்தது. எந்த ஊர், யார் பிள்ளை என்று அம்மா சொன்ன நேரம் நான் தோளில் போடும் துணிப்பையின் நிறத்தைப் பற்றிச் சிந்தித்துக்கொண்டிருந்தேன். என் பங்குக்கு அக்காவைப் படம் எடுத்துக் கொடுத்தேன். அலுமாரிக்கு முன்னால் நிறுத்தி எடுத்தது. அதன் நீளக் கண்ணாடி வெளிச்சத்தை முகத்துக்குத் திருப்பி அடிக்கும் என்பது என் சொந்தக் கண்டுபிடிப்பு. சாதகத்தோடு அந்தப் படமும் போனது. அடுத்த வாரம் நானும் போனேன், நேர்த்திக்கடனுக்கு வளர்த்த தாடியுடனும் முந்நூறு ரூபாயுடனும்.

எங்கள் கூட்டத்தில் பன்னிரண்டு பேர். யாத்திரை தொடங்கினால் பெயர் கிடையாது. எல்லாரும் சாமி. வெற்றிலை போடுகிறவரும் சாமி, குறட்டை விடுகிறவரும் சாமி. தலைவர் கண்டக்டர் சாமி. முப்பது வருடம் பஸ்ஸில் இருந்தவர். காவி கட்டியும் தொழில் போகவில்லை. "முன்னுக்குப் போங்கோ சாமிமார், முன்னுக்கு இடம் இருக்கு!" என்று வெறும் றோட்டில் கத்திக்கொண்டு வருவார்.

முதல் இரண்டு நாளும் என் வறுமைக்கு ஒருவரும் ஒத்துழைக்கவில்லை. குறிஞ்சாக்கேணியில் பேக்கரி வைத்திருந்த முஸ்லிம் நானா ஒருவர் றோட்டை மறித்து நின்றார். "இந்த வெயிலுக்குள்ள சும்மா போறதா? டீயக் குடிங்க தம்பி, பணிஸ் எடுங்க." நான் என் முந்நூறை எடுத்து நீட்டினேன். அவர் அதைப் பார்த்த பார்வையில் காசு தானாக மடிந்து மடிக்குள் போனது. கட்டைபறிச்சானுக்கு வந்து சேர்ந்தபோது அந்த முந்நூறும் அப்படியே இருந்தது. நான்தான் கொஞ்சம் கூடியிருந்தேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் கண்டக்டர் சாமி சட்டம் போட்டார். "பன்னிரண்டு பேரும் ஒரு வீட்டில ஏறினால் அந்தச் சனம் பாவம். ஆளுக்கொரு வீடு. பிச்சை கேக்கிற வாசலில ஊர், பேர், படிப்பு ஒண்டும் சொல்லப்படாது. விளங்கினதோ?"

விளங்கியது. ஒரு பச்சைக் கேற்றுக்கு முன்னால் போய் நின்றேன். கம்பஸில் மேடை ஏறி ஒரு மணித்தியாலம் பேசியவன் நான். அங்கே 'பசிக்குது' என்ற ஒரு சொல் தொண்டையைத் தாண்ட மறுத்தது. உலகத்தில் விழுங்கக் கடினமானது பாகற்காய் என்று நினைத்திருந்தேன். இல்லை; அதைவிடக் கடினமானது இந்தச் சொல்லை வெளியே விடுவது. மூன்று தரம் இருமினேன். நாலாவது இருமலுக்கு, ஐம்பது கடந்த ஓர் அம்மா வெளியே வந்தார்.

"ஐயோ, சாமியெல்லோ! வெயிலுக்குள்ள நிக்காதேங்கோ. வாங்கோ உள்ளுக்க."

செம்பில் தண்ணீர் கொண்டுவந்து என் காலைக் கழுவக் குனிந்தார். என் அம்மாவின் வயது. "ஐயோ, வேண்டாம் அன்ரி!" என்று துள்ளினேன். அவர் ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தார். பிறகு குனிந்து கழுவினார்.

சோறு, பருப்பு, பூசணிக்காய், மாங்காய்ச் சம்பல், பொரித்த மிளகாய், வடை. மூன்றாம் தரம் சோறு போட வந்தபோது வேண்டாம் என்று கையை இலைக்கு மேலே பிடித்தேன், விரல்களை நன்றாக விரித்து. சாப்பிட்டு முடிய விறாந்தையில் கதிரை போட்டு இருத்தினார்கள். எதிரே சாய்மனைக் கதிரையில் வீட்டு ஐயா.

"சாமி," என்றார் அன்ரி, "ஒரு கதை கேக்கலாமோ? மகனுக்கு ஒரு சம்பந்தம் வந்திருக்கு. யாத்திரை போற ஆக்களின்ர வாயால ஒரு நல்ல வாக்கு வந்தால் மனசுக்கு ஆறுதல்."

எனக்கு வாக்குச் சொல்லத் தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அந்த வடை என்னை ஏற்கெனவே பாதி மகானாக்கியிருந்தது. "காட்டுங்கோ அம்மா," என்றேன், குரலைத் தாழ்த்தி.

மூலைகளில் மஞ்சள் பூசிய சாதகத்தை என் மடியில் வைத்தார். அதன் மேல் ஒரு படம். படத்தில், எங்கள் வீட்டு அலுமாரிக்கு முன்னால், என் அக்கா.

வாக்குச் சொல்ல வேண்டியவன் கேள்வி கேட்டேன். "மகன்... எங்க வேலை?"

"புல்மோட்டையில, சாமி."

ஐயா பத்திரிகையை மடித்தார். "பொம்பிளையில ஒரு பிழையும் இல்லை. எனக்குப் பிரச்சினை தம்பிக்காரன். கம்பஸ் முடிச்சிட்டுச் சும்மா திரியுறானாம். ஒரு வேலைக்கும் வழியைக் காணேல்லை. நாளைக்கு அந்தப் பாரமும் எங்கட பெடியன்ர தலையிலதானே? வேண்டாம் எண்டு சொல்லிவிடுவம் எண்டு நான் சொல்லுறன். இவதான் சாமியைக் கேப்பம் எண்டு நிக்கிறா."

நான்தான் அந்தத் தம்பி என்று சொல்லலாமா? சொன்னால், பொம்பிளையின் தம்பி வீடு வீடாய்ச் சோறு வாங்கித் தின்கிறான் என்பதும் சேர்ந்துவிடும். சம்பந்தம் அந்த இலையோடு எறியப்படும். சட்டமும் ஊர் பேர் சொல்லாதே என்கிறது. அக்கா ஆளில்லா நேரத்தில் அந்தப் படத்தை எடுத்துப் பார்த்தது கண்ணுக்குள் வந்தது. ஆகவே கண்ணை மூடினேன்.

"தம்பி தங்கம்," என்றேன்.

"பொம்பிளையின்ர சாதகத்தில தம்பி எப்பிடித் தெரியுறார்?" என்றார் ஐயா.

"மூன்றாம் இடம் சகோதர ஸ்தானம்." (எங்கேயோ கேட்டது. சரியாக இருந்தது என் நல்ல காலம்.) "ஒருத்தருக்கும் பாரமாய் இருக்கமாட்டார். கடல் கடந்து உத்தியோகம். வடிவான பெடியன். அறிவாளி. பெரிய மனசு." நிறுத்தத் தெரியவில்லை. பிறந்த நாளிலிருந்து யாரும் என்னைப் பற்றி இவ்வளவு நல்லதாகச் சொன்னதில்லை. கேட்கக் கேட்க எனக்கே ஆசையாக இருந்தது.

"அது கிடக்கட்டும் சாமி," அன்ரி இடைமறித்தார். "பொம்பிளைக்குக் கோவம் வருமோ?"

இங்கேதான் இருபத்திமூன்று வருட அனுபவம் ஞானத்தை முந்திக்கொண்டு வாய்க்கு வந்தது.

"வரும். கையில கிடைக்கிறதை எடுத்து எறிவா. குறி தப்பாது."

ஐயா நிமிர்ந்து உட்கார்ந்தார். உடனே திருத்தினேன். "ஆனால்... பிழை விட்டவனுக்குத்தான் எறிவா. எறிஞ்சு பத்து நிமிசத்தில தேத்தண்ணி ஊத்திக்கொண்டு வந்து பக்கத்தில வைச்சிட்டுப் பேசாமல் போவா. அந்தத் தேத்தண்ணியில சீனி ஒரு கரண்டி கூட இருக்கும்." அதை ஏன் சொன்னேன் என்று தெரியாது. மூன்று நாளாகத்தான் அவளைக் காணவில்லை, அதற்குள் அந்தத் தேத்தண்ணிக்கு ஆசை வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துக் கேற்றடியில் கண்டக்டர் சாமி. "சாமி, இறங்கிற எண்ணம் இல்லையோ? வண்டி வெளிக்கிடப் போகுது!"

"உங்கட சாமி நல்லா வாக்குச் சொல்லுறார்," என்றார் அன்ரி.

"இவரோ?" கண்டக்டர் சாமி என்னை மேலும் கீழும் பார்த்தார். "எங்களுக்கு இவர் சாப்பிடுறது மட்டும்தான் தெரியும்."

நான் அவசரமாக ஒரு பிடி திருநீறை எடுத்துச் சாதகத்திலும் படத்திலும் அப்பிவிட்டு வெளியேறினேன்.

பிறகு முப்பது நாளுக்கு மேல் நடை. போன் இல்லை, வீட்டுக்குச் சொல்ல வழியில்லை. பிறருடைய போனை வாங்கி அம்மாவிடம் "நான் அக்காவின் மாமியாருக்குச் சாத்திரம் சொல்லிவிட்டேன்" என்று எப்படித் தொடங்குவது? கண்டக்டர் சாமி கதையைக் கூட்டம் முழுக்கப் பரப்பியதால், காணாமல் போன செருப்பு எங்கே என்று என்னிடம் வந்து கேட்டார்கள். கதிர்காமத்தில் மற்றவர்கள் முத்தி கேட்டார்கள். நான், "முருகா, அந்த வீட்டாருக்கு என் முகம் மறந்துபோக வேணும்" என்று கேட்டேன். அவரை முழுதாக நம்பாமல் தலையையும் தாடியையும் சேர்த்து வழித்தேன்.

வீட்டுக்கு வந்தால் வாசலில் கோலம். "நல்ல நேரத்துக்கு வந்தாய்," என்றா அம்மா. "நாளைக்குப் பொம்பிளை பாக்க வருகினம். ஓம் எண்டு சொல்லிப்போட்டினமாம்!"

அடுத்த நாள் நான் குசினியை விட்டு நகரவில்லை. முன்னறையில் கதிரைகள் இழுபடும் சத்தம், சிரிப்பு. பிறகு எனக்குத் தெரிந்த குரல்: "பொம்பிளையின்ர தம்பி எங்க? காணேல்லை?"

அம்மா தேத்தண்ணித் தட்டைக் கையில் தந்து முதுகில் தள்ளினா. மொட்டைத் தலை, வழித்த முகம், குனிந்த பார்வை. ஒருவருக்கும் தெரியாது என்று நினைத்தபடி அன்ரிக்கு முன்னால் தட்டை நீட்டினேன்.

அன்ரி எழுந்து நின்று கை கூப்பினார். "வாங்கோ சாமி. காலைக் கழுவட்டோ?"

அம்மா என்னைப் பார்த்தா, அன்ரியைப் பார்த்தா. அன்ரி கைப்பையிலிருந்து படத்தை எடுத்தார். "சாமி போன பிறகு திருநீறைத் துடைச்சனான். துடைக்கத் துடைக்க, கண்ணாடிக்குள்ள இருந்து ஒராள் வாறார்." அலுமாரிக் கண்ணாடிக்குள், போனைத் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, நாக்கின் நுனி வெளியே தெரிய, தாடியோடு நான். "அன்ரி எண்டு கூப்பிட்ட முதல் சாமி இவர்தான். அப்பவே எனக்கு ஒரு யோசினை."

தட்டை அப்படியே கீழே வைத்தேன். "பிழைதான் அன்ரி. அக்காவுக்கு ஒண்டும் தெரியாது. அவவில ஒரு பிழையும் இல்லை."

ஐயா தொண்டையைச் செருமினார். "தன்னைப் பற்றிச் சொன்னதெல்லாம் பொய்யெண்டு எனக்கு அண்டைக்கே தெரியும். ஆனால் சொந்தத் தமக்கைக்குக் கோவம் வரும் எண்டு ஆர் சொல்லுவினம்? இவன் சொன்னவன். சோத்துக்கே கேக்க வெக்கப்பட்டு வாசலில நிண்டு இருமினவன், எங்கட பெடியன்ர தலையில ஏறமாட்டான்."

ஐயாவுக்குப் பக்கத்தில் மாப்பிள்ளை. அவர் மெல்லக் கேட்டார்: "எறிவா எண்டு சொன்னது உண்மையோ?"

நான் பதில் சொல்லத் தேவைப்படவில்லை. அறைத் திரைச்சீலை அசைந்தது. அக்காவின் புதுச் செருப்பில் ஒன்று பறந்து வந்து, இரண்டு தலைகளுக்கு நடுவால் போய், என் மொட்டையில் நச்சென்று இறங்கியது.

மாப்பிள்ளை கதிரையிலிருந்து வழுகும்வரை சிரித்தார். "வாக்குப் பலிச்சிட்டுது!"

பத்து நிமிடம் கழித்து, குசினிப் படியில் தலையைத் தடவிக்கொண்டிருந்த எனக்குப் பக்கத்தில் ஒரு தேத்தண்ணிக் கோப்பை வந்து இருந்தது. சீனி ஒரு கரண்டி கூட.

அதன்பின் எனக்குப் பெயர் கிடையாது. அத்தானுக்கு நான் சாமி. நாலு வயது மருமகளுக்குச் சாமி மாமா. எனக்கு மூதூரில் வேலை கிடைத்து, ஒவ்வொரு நாளும் கடலுக்கு மேலால் போகும் கிண்ணியாப் பாலத்தால் போய் வருகிறேன். "கடல் கடந்து உத்தியோகம் எண்டு சொன்னது இதைத்தானோ?" என்று ஐயா கேட்காத தைப்பொங்கல் இல்லை. அக்கா கையில் எதையாவது எடுத்தால் அத்தான் முதலில் என்னைத்தான் பார்ப்பார்: "சாமி, ஆருக்கு?"

கட்டைபறிச்சான் வீட்டு முன்னறையில் கலியாணப் படம் இல்லை. சட்டம் போட்டு மாட்டியிருப்பது அந்தப் படம்தான். யார் வந்தாலும் அன்ரி அதற்கு முன்னால் கூட்டிக்கொண்டுபோய் நிறுத்தி, "இதில சாமி எங்க நிக்கிறார், கண்டுபிடியுங்கோ பாப்பம்" என்பார். அக்காவின் தோளுக்கு மேலே கண்ணாடிக்குள் என் நாக்கு. மூலையில் இன்னும் கொஞ்சம் திருநீறு. அதைத் துடைக்க அவர் ஒருவரையும் விடுவதில்லை.