எண்ணெய் காயட்டும் மேடம்

ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் பழைய ரிப்போர்ட், தண்ணீர் பாட்டில், ஃபிளாஸ்க்கில் காபி என்று ஏதாவது கொண்டுபோவார்கள். கொஞ்சம் விவரமானவர்கள் ஏசி குளிருமென்று ஒரு சால்வையும் எடுத்துக்கொள்வார்கள். அடுப்பு, வாணலி, கடலை எண்ணெய், காய்ந்த மிளகாய் சகிதம் போன குடும்பம் ஹைதராபாத்தில் எனக்குத் தெரிந்து ஒன்றுதான். அதன் தலைவி அடியேன்.

நான் சொல்லாவிட்டாலும் இது உங்கள் காதுக்கு வந்துவிடும். மல்காஜ்கிரியில் எங்கள் அபார்ட்மெண்ட்டுக்குக் கீரை கொண்டுவருகிற அம்மாவுக்கே தெரியும். யாரோ கண், காது, மூக்கு வைத்துச் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

அப்போது நான் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். (இப்போதும்தான். அப்போது வேலை போய்விடுமோ என்ற பயத்தோடு டீச்சர்.) எனக்கு ஒரு வியாதி வந்தது. நன்றாகப் பேசிக்கொண்டிருப்பேன், திடீரென்று தொண்டைக்குள் யாரோ சுருக்குப் பையின் கயிற்றை இழுத்த மாதிரி அடைத்துக்கொள்ளும். மூச்சை உள்ளே இழுத்தால் கீச்சென்று ஒரு சத்தம் வருமே தவிர, காற்று வராது. வீட்டில் சமையலறையில் நிற்கும்போது வரும். பள்ளியில் மத்தியான நேரத்தில் வரும். என் வகுப்புக்கு நேர் கீழே கேன்டீன். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கக் கணக்கு டீச்சருக்கு ஏனோ தோன்றவில்லை.

ஆஸ்துமா என்றார்கள். இன்ஹேலர் கொடுத்தார்கள், மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரையில் முகம் உப்பியதே தவிர, மூச்சுத் திணறல் கேட்கவில்லை. ஒவ்வொரு தடவையும் இதோடு நம் கதை முடிந்தது என்றுதான் நினைப்பேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே பயந்து செத்தேன். என் மகள் மித்ரா அப்போது சின்னப் பெண். நாங்கள் பேசும் தமிழைப் புரிந்துகொண்டு தெலுங்கில் பதில் சொல்லும் ரகம். எனக்கு மூச்சு அடைத்தால் என் முதுகைத் தடவிக்கொண்டே "ஊபிரி தீஸ்கோம்மா, ஊபிரி தீஸ்கோ" என்று அழுவாள். மூச்சு விடும்மா என்று கெஞ்சுகிறாள். விட முடிந்தால் விட மாட்டேனா?

இது போதாதென்று திருநெல்வேலியிலிருந்து என் மாமியாரின் போன். சமையலறைக்குள் போனால்தான் அதிகம் வருகிறது என்று என் வீட்டுக்காரர் வெள்ளந்தியாகச் சொல்லிவைத்தார். உடனே ஸ்பீக்கரில் எனக்கும் கேட்கும்படி வந்தது: "ஏல, தாளிக்கச் சொன்னா மட்டும் மூச்சு வாங்குதாக்கும்?"

அத்தை நல்லவர்தான். ஆனால் அந்த ஒரு வரி என்னைப் படுத்திய பாடு இருக்கிறதே. பரிசோதனை எல்லாம் நார்மல் என்று வேறு வந்துகொண்டிருந்தது. கடைசியாகப் பார்த்த டாக்டர் என்னை விட்டுவிட்டு என் வீட்டுக்காரரிடம், வீட்டில் ஏதாவது டென்ஷனா என்று கேட்டார். பிரின்சிபால் ஒரு வருஷம் ஓய்வெடுங்களேன் என்று பக்குவமாகச் சொன்னார். கடைசியில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒருவேளை நான் நடிக்கிறேனோ, எனக்கே தெரியாமல்?

இந்த நிலைமையில்தான் டாக்டர் நீரஜாவிடம் போனோம். குரலுக்கும் மூச்சுக் குழாய்க்கும் மட்டுமே வைத்தியம் பார்க்கிறவர். தமிழ்நாட்டில் படித்தவர், அதனால் தெலுங்கு வாடையோடு நல்ல தமிழ் பேசினார். நான் கொண்டுபோன தடி ஃபைலை மேசை ஓரமாக நகர்த்திவைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"மூச்சை உள்ள இழுக்கும்போது கஷ்டமா, வெளிய விடும்போதா?"

அத்தனை நாளில் ஒருத்தரும் என்னிடம் கேட்காத கேள்வி. உள்ளே இழுக்கும்போதுதான் என்றேன். கழுத்திலா நெஞ்சிலா என்றார். கழுத்தில் கை வைத்துக் காட்டினேன். அவர் புருவம் லேசாக உயர்ந்தது. ஆஸ்துமா என்றால் பெரும்பாலும் வெளியே விடத்தான் சிரமம், அதுவும் நெஞ்சு இறுக்கும் என்றார். எனக்கு அப்போதே அவர் காலில் விழலாம் போலிருந்தது.

மூக்கை மரத்துப்போகச் செய்து, அது வழியாக மெல்லிய கேமராக் குழாயை விட்டுத் தொண்டையைத் திரையில் பார்த்தார். எல்லாம் ஒழுங்காக இருந்தது. அதில் எனக்கு வந்த ஏமாற்றத்தைப் பார்த்து அவரே சிரித்துவிட்டார். பல்வலிக்காரர் டாக்டரிடம் போனால் வலி நின்றுபோகுமே, அந்தக் கதை. வரும்போது பார்த்தால்தான் பிடிக்க முடியும் என்றார். எங்கெங்கே வருகிறது என்று கேட்டு, சமையலறையையும் கேன்டீனையும் அவரே சேர்த்துப் பார்த்து, ஏதோ வாசனைதான் கிளப்புகிறது என்றார். பிறகு சொன்னார், வரலாற்றுச் சிறப்புமிக்க அந்த வாக்கியத்தை:

"எந்த வாசனைக்கு வருதுன்னு கண்டுபிடிச்சு, அடுத்த தடவை அதையே கொண்டு வாங்க. வீடியோ எடுத்துடலாம்."

அவர் மனதில் இருந்தது ஒரு சென்ட் பாட்டில், மிஞ்சிப் போனால் ஊதுபத்தி. பாவம், அவருக்கு என் வீட்டுக்காரர் சிவகுமாரைத் தெரியாது.

சிவகுமார் ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறார். அங்கே ஒரு மாத்திரையில் கோளாறு வந்தால், அதே பொருள், அதே சூடு, அதே அளவு என்று திரும்பச் செய்துபார்த்துத்தான் முடிவு சொல்வார்கள். மனுஷர் இட்லி கல்லாகிவிட்டாலும் அப்படித்தான் விசாரிப்பார். டாக்டர் சொன்னதைக் கேட்டதும் முகத்தில் ஒரு பிரகாசம் வந்தது. அன்றிலிருந்து வீட்டில் சோதனை எலி நான். ஊதுபத்தி, ஃபினாயில், கொசுவர்த்தி, பக்கத்து வீட்டுக்காரர் துபாயிலிருந்து கொண்டுவந்த அத்தர், எதற்கும் தொண்டை அசையவில்லை. சாம்பாருக்கு மிளகாய் தாளித்தார், கீச்சென்றது. மறுநாளும் தாளித்தார், மறுநாளும் கீச்சென்றது. நான் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருக்க, "மாட்டிக்கிச்சு, மாட்டிக்கிச்சு" என்று சந்தோஷப்பட்ட புருஷன் உலகத்திலேயே இவர் ஒருத்தராகத்தான் இருப்பார்.

சரி, ஒரு பொட்டலத்தில் மிளகாயைக் கொண்டுபோகலாம் என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். பொட்டலத்தில் இருந்தால் அது மிளகாய், எண்ணெயில் விழுந்தால்தான் சாம்பிள் என்று விளக்கினார். நான் என்ன செய்திருக்க வேண்டும்? மரியாதையாகத் தடுத்திருக்க வேண்டும். நான் செய்தது என்ன தெரியுமா? கடுகும் கறிவேப்பிலையும் இல்லாமல் என்ன தாளிப்பு, டாக்டர் நம் வீட்டைப் பற்றி என்ன நினைப்பார் என்று அதையும் ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்தேன்.

இன்னொரு காரியமும் செய்தேன். வீடியோ எடுக்கப்போகிறார்கள் அல்லவா? மாம்பழக் கலர் பட்டுப்புடவை கட்டி, தலைநிறையப் பூ வைத்துக்கொண்டு போனேன். (எடுத்தது என் தொண்டையின் உட்புறத்தை.)

வாசலில் செக்யூரிட்டி பையைத் திறந்து பார்த்தான். மின்சார அடுப்பையும் இரும்பு வாணலியையும் கண்டு, "கேன்டீன் ஹை நா சாப், யே கைக்கு?" என்றான். கேன்டீன் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று அவனுக்குத் தோன்றியது எங்களுக்குத் தோன்றவில்லை பாருங்கள். இவர் கம்பீரமாக "டெஸ்டிங்" என்றார். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை வேறு. விட்டுவிட்டான்.

பரிசோதனை அறையில் என்னை நாற்காலியில் உட்காரவைத்துக் குழாயை மூக்கில் விட்டுவிட்டார் டாக்டர். அவருடைய கண் திரையில். இவர் பின்னால் ஒரு மேசையில் கடை விரித்துக்கொண்டிருந்தார். கையுறை, மாஸ்க் எல்லாம் மாட்டியிருந்ததால், ஏதோ மிஷின் ரிப்பேருக்கு வந்தவர் என்று நினைத்து அங்கிருந்த நர்ஸ் அவருக்கு பிளக் பாயிண்ட்டைக் காட்டினாள்.

"வாசனை கொண்டு வந்தீங்களா? கொடுங்க" என்றார் டாக்டர், திரும்பாமலே.

"ஒரு நிமிஷம். எண்ணெய் காயட்டும் மேடம்."

டாக்டர் நீரஜாவின் முதுகு விறைத்தது. "எண்ணெயா?" என்று அவர் கேட்டு முடிப்பதற்கும் கடுகு வெடிப்பதற்கும் சரியாக இருந்தது. மூக்கில் குழாயோடு நான் என்ன கத்த முடியும்? கையை ஆட்டினேன். இவர் அதை 'ஆகட்டும்' என்று எடுத்துக்கொண்டு, குண்டூர் மிளகாயை ஒரு கைப்பிடி உள்ளே போட்டார்.

ஜன்னல் இல்லாத ஏசி அறை. நெடி கிளம்பியது பாருங்கள், அப்படி ஒரு நெடியை நான் எந்தக் கல்யாணச் சமையற்கட்டிலும் பார்த்ததில்லை. நர்ஸ் இருமிக்கொண்டே வெளியே ஓடினாள். ஓடியவள் கதவைத் திறந்துவிட்டாள், நெடி வராந்தாவுக்குப் போனது. அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் அத்தனை பேரும் தொண்டைக் கோளாறுக்காரர்கள். ஒரே இருமல் கச்சேரி. பேசவே கூடாது என்று உத்தரவு வாங்கி, கழுத்தில் சிலேட்டைத் தொங்கவிட்டிருந்த ஒரு பாட்டு வாத்தியார்தான் எல்லோருக்கும் முந்தி எழுந்து "யாருய்யா அது!" என்று அலறினார். அருமையான குரல். அதற்குள் கூரையில் புகை அலாரம் ஊளையிட ஆரம்பித்துவிட்டது. செக்யூரிட்டி ஓடிவந்து இவரை வாணலியோடு அள்ளிக்கொண்டு போனான்.

எனக்குத் தொண்டை இறுக மூடிக்கொண்டது. கீச், கீச். அவ்வளவுதான் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

என் தாடையைப் பிடித்திருந்த கை மட்டும் நகரவில்லை. டாக்டர் நீரஜாவுக்குக் கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் கொட்டுகிறது. இருமலை அடக்கி அடக்கி உடம்பே குலுங்குகிறது. ஆனால் குழாயைப் பிடித்திருந்த விரல் ஒரு நூல் ஆடவில்லை. வேறு யாராக இருந்தாலும் எல்லாவற்றையும் உருவிப் போட்டுவிட்டு ஓடியிருப்பார்கள். நானே ஓடியிருப்பேன்.

"கண்ணைத் திறந்து திரையைப் பாருங்க" என்றார்.

பார்த்தேன். தொண்டைக்குள் இரண்டு வெள்ளைக் கதவுகள், அதுதான் குரல் நாண்களாம். நான் மூச்சை இழுக்கிறேன், விரிய வேண்டிய கதவுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. இழுக்க இழுக்க இன்னும் ஒட்டுகின்றன. "இப்போ நான் சொல்ற மாதிரி. பூவை மோந்து பாருங்க, மூக்கால, சின்னதா. உதட்டைக் குவிச்சு மெதுவா ஊதுங்க. மறுபடியும் பூ." முதல் தடவை ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவது தடவை ஒரு சின்னக் கீற்று விழுந்தது. மோந்தேன், ஊதினேன், மோந்தேன். என் கண் முன்னாலேயே அந்தக் கதவுகள் விலகி, காற்று உள்ளே போனது. எத்தனையோ நாளாக எமன் என்று நான் பயந்துகொண்டிருந்தது ஒரு கதவு. அதை நானே திறக்கலாம்.

"உங்களுக்கு வந்தது ஆஸ்துமா இல்லம்மா" என்றார் டாக்டர், முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு. "நடிப்பும் இல்ல. யாராவது அப்படிச் சொன்னா இந்த வீடியோவைக் காட்டுங்க."

நடிப்பு என்ற சொல்லை நான் அவரிடம் சொன்னதே இல்லை. என்னைப் போல எத்தனை பேரைப் பார்த்திருப்பாரோ. விம்மி விம்மி அழுதேன். வராந்தா வரை எல்லோரும் மிளகாய்க்கு அழுதுகொண்டிருந்ததால் யாரும் கண்டுகொள்ளவில்லை.

இவரைச் செக்யூரிட்டி அறையில் வாணலியை மடியில் வைத்தபடி உட்காரவைத்திருந்தார்கள். போலீஸைக் கூப்பிடலாமா என்று நிர்வாகத்தில் யோசனை. டாக்டர் நீரஜாவே இறங்கி வந்து, அது தன்னுடைய பரிசோதனை என்றும் தான்தான் கொண்டுவரச் சொன்னது என்றும் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். பிறகு இவரைத் தனியாகக் கூப்பிட்டுத் தெலுங்கில் வெளுத்து வாங்கினார். கடைசியில், இவ்வளவு தெளிவான வீடியோ தன்னிடம் வேறு கிடையாது என்றும் சொல்லிவிட்டார். இவர் திட்டையெல்லாம் மறந்து இந்த ஒன்றை மட்டும் இன்றுவரை ஞாபகம் வைத்திருக்கிறார்.

அதன்பின் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ஒரு பெண்ணிடம் வாராவாரம் மூச்சுப் பழகினேன். முன்பு மாத்திரை கொடுத்த நெஞ்சு டாக்டரே அவற்றைப் படிப்படியாக நிறுத்தினார். வகுப்பில் தொண்டை இறுகினால் போர்டுப் பக்கம் திரும்பிப் பூவை மோந்துகொண்டு, திரும்பி வந்து கணக்கைத் தொடர்ந்தேன். பிரின்சிபால் ஓய்வுப் பேச்சை விட்டுவிட்டார். அந்த ஆஸ்பத்திரியில் இப்போது சமையல் சாமான்கள் உள்ளே கொண்டுவரக்கூடாது என்று மூன்று மொழிகளில் போர்டு தொங்குகிறது. என் வீடியோவை டாக்டர் மாணவர்களுக்குப் போட்டுக் காட்டுகிறார். படம் தொடங்கும்போதே "எண்ணெய் காயட்டும் மேடம்" என்ற குரல் வருமாம், வகுப்பே சிரிக்குமாம்.

அத்தைக்கும் வீடியோவை அனுப்பினோம். அவர் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்ததாக நாத்தனார் சொன்னாள். ரெண்டு நாள் போன் இல்லை. மூன்றாம் நாள் வந்தது. மகனைக் கூப்பிட்டு ஒரே வார்த்தைதான் சொன்னார். "ஏல, இனிமே நீயே தாளி."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் தாளிப்பு இவர் இலாகா. வாணலி சூடானதும் "எண்ணெய் காயட்டும் மேடம்" என்று குரல் கொடுப்பார், நான் பால்கனிக்குப் போய்விட வேண்டும். மித்ரா காலேஜ் போகிற பெண்ணாகிவிட்டாள், வண்டி வரத் தாமதமானாலும் ரிசல்ட் வரத் தாமதமானாலும் அவள் தமிழில் பேசுகிற ஒரே வாக்கியம் இதுதான்.

உண்மையில் எனக்கு எப்போதோ சரியாகிவிட்டது. மிளகாய் வாணலிக்குப் பக்கத்திலேயே நின்றாலும் இப்போது தும்மல்கூட வருவதில்லை. ஆனாலும் அவர் குரல் கொடுத்ததும் காபியை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய், காலை நீட்டி உட்கார்ந்துகொள்கிறேன். அத்தை அன்றைக்கு என் மேல் போட்ட பழி இப்போதுதான் உண்மையாகியிருக்கிறது. கொஞ்சம் சத்தமில்லாமல் படியுங்கள், சமையலறை ஜன்னல் திறந்திருக்கிறது.