முதல் சிரிப்பின் உரிமையாளர்

ஒரு வியாழக்கிழமை காலை ஆறரை மணிக்குக் கணவன் கப்பல் வேலைக்குக் கிளம்பிப் போனான். இயந்திர அறையில் ஃபிட்டர். அடுத்த துறைமுகம் வரும்வரை கைப்பேசியில் சிக்னல் கிடையாது. கதவைச் சாத்திய மனைவி கட்டிலோரம் உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதாள். அழுது முடித்துத் துண்டில் மூக்கைச் சிந்தினாள். கொஞ்சம் பலமாகத்தான். கட்டிலில் கிடந்த மூன்றரை மாத மகள் ‘கெக்’ என்றாள். அம்மா திரும்பிப் பார்த்தாள். மறுபடி சிந்தினாள். ‘கெக்கெக்கெக்!’ அதுவரை வெறும் புன்னகையோடு நிறுத்திக்கொண்டிருந்த குழந்தை வாய்விட்டுச் சிரித்த முதல் சிரிப்பு அது. இல்லாத சளியை இன்னும் ஆறு தடவை சிந்திப் பார்த்தாள். ஆறும் பலித்தது. இதை முதலில் கேட்க வேண்டியவன் அவன்தான், அதுவரை யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்று முடிவு செய்துகொண்டாள்.

அவள் முடிவு செய்தால் போதுமா? சிரிப்பு உரிமையாளர் என்றோர் இனம் உலகத்தில் இருக்கிறதே!

வாசகரே, இவரை உங்களுக்குத் தெரியும். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் செருப்பைக் கழற்றும்போதே “எங்க என் பட்டு?” என்று கத்துவார், தூங்கும் குழந்தையை “முழிச்சிட்டுதான் இருக்கா” என்று கன்னத்தில் தட்டி எழுப்புவார், நாக்கைச் சொடுக்கி, கண்ணாடியைக் கழற்றி மாட்டி, ஆடாகக் கத்தி, ரயிலாகக் கூவி, வீட்டையே ஒரு வழி பண்ணுவார். குழந்தை மின்விசிறியைப் பார்த்துச் சிரித்தாலும் அது இவருடைய திறமை. அழுதால் அம்மாவின் அலட்சியம். மடியை நனைத்தால்? யாருக்கோ அவசரமாகப் போன் செய்ய வேண்டியது ஞாபகம் வந்துவிடும்.

இந்தக் குடும்பத்தில் அந்தப் பதவியை வகித்தவர் அவளுடைய அண்ணன். லிஃப்ட் பழுது பார்ப்பவர். போன மின்சாரம் திரும்பி வந்து லிஃப்ட் தானாக ஓடினாலும் “நான் வந்து நின்னேன், ஓடிடுச்சு” என்று சொல்லிப் பழகிய வாய். அன்று மாலையே வந்துவிட்டார். அரைமணி நேரம் ஆடினார், கூவினார். குழந்தை, வேலை கேட்டு வந்தவரைத் திருப்பி அனுப்பத் தீர்மானித்துவிட்ட அதிகாரியைப் போல அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. கைப்பேசியைத் தன் முகத்துக்கு நேராகப் பிடித்துப் படமெடுக்கத் தொடங்கினார். அவர் முதுகுக்குப் பின்னால், அடுக்களையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த தங்கைக்குக் கண்ணும் மூக்கும் ஒழுகின. மறதியாகச் சிந்திவிட்டாள்.

‘கெக்கெக்கெக்!’

“பாத்தியா, பாத்தியா! மாமாவப் பாத்து சிரிச்சுட்டா! முதல் சிரிப்பு!”

“அண்ணா, அது உன்னப் பாத்து இல்ல. நான் மூக்கு சிந்தினேன்...”

“சீ! அதுக்கு யாராவது சிரிப்பாங்களா?”

“காலையிலயும் சிரிச்சாண்ணா.”

“அது வாயு. உனக்கு என்ன தெரியும்?”

பெற்றவளுக்கு என்ன தெரியும்!

“சரி, எப்படியோ இருக்கட்டும். குடும்பக் குரூப்ல மட்டும் போட்டுடாத. அவருகிட்ட நான்தான் சொல்லணும்.”

“போட்டாச்சு.”

நாற்பது பேர் கைதட்டினார்கள். “தாய்மாமன்னா சும்மாவா!” என்றார் ஒருவர். வீடியோவைத் திறந்தே பார்க்காத இருவர் அழுதேவிட்டதாக எழுதினார்கள். அவள் கணவனுக்கு இரண்டு வரி அடித்தாள், அழித்தாள். ஊரே கேட்டு முடித்ததை இனி என்னவென்று சொல்வது? கரையைத் தொட்டதும் அவன் கைப்பேசியில் முதலில் வந்து குதிக்கப்போவது அண்ணன்தான். அன்றைக்கு இரண்டாம் முறையாக அழுதாள். இந்தத் தடவை வெங்காயத்தின் மேல் பழியைப் போட முடிந்தது.

அண்ணனைத் திட்டுகிறீர்கள், இல்லையா? நன்றாகத் திட்டுங்கள். ஆனால், கடைசியாக நீங்கள் ஒரு குழந்தையைப் பார்க்கப் போனபோது “என்னப் பாத்ததும் எப்படிச் சிரிக்குது பாருங்க!” என்று சொன்னது யார்? உங்கள் தோளுக்குப் பின்னால் யார் நின்றுகொண்டிருந்தார்கள் என்று திரும்பிப் பார்த்தீர்களா?

இருபத்து மூன்றாம் நாள் மதியம் அவளுக்கு மட்டும் ஒரு செய்தி வந்தது:

“இப்பதான் சிக்னல் வந்துச்சு. மச்சான் வீடியோவ நாலு தடவ பாத்துட்டேன். முழுக்க அவர் மீசைதான் தெரியுது, பாப்பாவக் காணோம். அவர் போடுற கூச்சல்ல அவ சிரிப்பும் சரியா கேக்கல. நிஜமா எதுக்குச் சிரிச்சா? நீ சொல்லு.”