ஒழுகும் குழாயை மூடிய கருமந்தியும் ஒன்றும் நடக்கவிடாத நீர்நாயும்

ஒரு காட்டில், அதுவும் மார்கழி பிறந்தால் புல் நுனியெல்லாம் வெள்ளை படிந்து கிடக்கும் மலைக்காட்டில், ஒரு வாட்டர் சர்வீஸ் இருந்தது. காட்டுக்குள் எதற்கு வண்டி கழுவும் இடம் என்று கேட்காதீர்கள். பேசுகிற மிருகங்களை நம்பத் தயாராக இருக்கிறவர்கள், ஜீப் ஓட்டுகிற மிருகங்களையும் நம்பித்தான் ஆக வேண்டும்.

அங்கே யாரும் யாருக்கும் கழுவிக் கொடுப்பதில்லை. டோக்கன் போட்டால் பம்ப் ஓடும். கொக்கியில் தொங்கும் கன்னை, அதாவது தண்ணீர் பீய்ச்சும் துப்பாக்கியை, எடுத்து அவரவர் வண்டியை அவரவரே தண்ணீர் அடித்துக் கழுவிக்கொள்ள வேண்டும். நாலு கொட்டகை, நாலு கன். "நீங்களே கழுவிக்கொள்ளுங்கள்" என்று வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு பலகை. அந்தப் பலகைக்குக் கீழேயே வண்டியை நிறுத்திவிட்டு "இங்க யாருங்க கழுவி விடுறது?" என்று கேட்கும் மிருகங்களுக்குப் பதில் சொல்ல ஒரு நீர்நாயை வேலைக்கு வைத்திருந்தார்கள். பெயர் ஆண்டியப்பன்.

ஆண்டியப்பன் தற்காலிக ஊழியன். அந்தக் காட்டில் நிரந்தர ஊழியரை 'அவர்' என்பார்கள், தற்காலிக ஊழியனை 'அவன்' என்பார்கள். கதையும் காட்டு வழக்கப்படியே போகட்டும். நிரந்தரமானால் ஓடைக்கரையில் ஒரு வளை ஒதுக்கிக் கொடுப்பார்கள். அந்த வளைக்காக அவனும் அவன் மனைவி சிலம்பாயியும் மூன்று குளிர்காலமாகக் காத்திருந்தார்கள். நீந்துவதற்கென்றே பிறந்த பிராணிகள் இரண்டும் பம்ப் அறை மூலையில், கிரீஸ் வாடையில், மோட்டார் சூட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குடித்தனம் நடத்தின.

குளிர்காலத்தில் அந்த இடத்துக்கு ஒரு ஆபத்து உண்டு. குழாயில் நிற்கிற தண்ணீர் உறைந்தால் பருக்கும், பருத்தால் குழாய் வெடிக்கும். ஓடிக்கொண்டிருக்கிற தண்ணீர் லேசில் உறையாது. நீர்நாய்க்கு இது பிறவியிலேயே தெரியும். மற்ற மிருகங்களுக்கு உட்கார வைத்துச் சொன்னாலும் தெரியாது. அதனால் ஆண்டியப்பன் தினமும் கடை சாத்தும்போது நாலு கன்னையும் முழுக்க மூடாமல், நூல் கனத்துக்குத் தண்ணீர் ஒழுகும்படி விட்டுவைப்பான். ஒழுகிய தண்ணீர் தரையிலுள்ள சல்லடை வழியாகத் தொட்டிக்கே திரும்பிப் போய்விடும். வெளியே தெரிகிற குழாய்களுக்கெல்லாம் பழைய சாக்கைச் சுற்றியிருந்தான். விடிவதற்குள் ஒரு தடவை எழுந்து, நாலு கன்னையும் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் மறுபடி படுப்பான். மூன்று குளிர்காலத்தில் ஒரு குழாய்கூட வெடிக்கவில்லை.

அதுதான் அவன் செய்த தப்பு.

நிரந்தரம் கேட்டு மனு எழுதி, மூன்று நகல் எடுத்து, காட்டு நலக் குழுவின் தலைவரிடம் கொண்டுபோனான். தலைவர் காட்டெருமை, பெயர் வீரபத்திரர். அவர் ஒரு கதவுக்குள் நுழைவதற்கே இரண்டு பேர் வழிவிட வேண்டும். யோசனையும் அவருக்குள் அப்படித்தான் நுழையும். அவர் வாட்டர் சர்வீஸின் சம்பவப் பதிவேட்டை எடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். எல்லாப் பக்கத்திலும் 'சம்பவம்: இல்லை' என்று ஆண்டியப்பன் அழகாக எழுதி வைத்திருந்தான்.

"மூணு வருஷமா என்னப்பா செஞ்ச?"

"குழாய் வெடிக்காம பாத்துக்கிட்டேனுங்க."

"வெடிச்சுதா?"

"இல்லீங்க."

"அப்புறம் எதைப் பாத்துக்கிட்ட?"

ஒரு சம்பவமும் நடக்காத இடத்துக்கு எதற்கு நிரந்தரமாக ஒரு ஆள் என்று தலைவர் நியாயமாகவே கேட்டார். தை பிறக்கட்டும், பார்க்கலாம் என்று பதிவேட்டை மூடி அனுப்பிவிட்டார்.

இந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தார் கருமந்தி கோதண்டம். கிடங்கு கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றவருக்கு ஊர்க் காரியத்தில் மூக்கை நுழைக்காவிட்டால் மூக்கே மறந்துபோகும் போலிருக்கிறது. சாயங்காலம் நடக்கப் போனவர், நாலு கன்னும் ஒழுகுவதைப் பார்த்துப் பதறிப்போய் நாலையும் இறுக்கி மூடினார். ஆண்டியப்பன் ஓடிவந்து திறந்தான். மறுநாளும் அவர் மூடினார், அவன் திறந்தான். மூன்றாம் நாள் "ஒழுகும் கன்னை மூடாதீர்கள்" என்று அட்டை எழுதித் தொங்கவிட்டான். கோதண்டம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அட்டையை இரண்டு தடவை படித்துவிட்டு, நாலையும் மூடினார்.

"சார், அது ஒழுகிட்டே இருக்கணுமுங்க. ஓடுற தண்ணி உறையாதுங்க. ஒழுகுறதும் தொட்டிக்குத்தான் போகுதுங்க."

"தண்ணியைப் பத்தி எனக்கே பாடம் எடுக்கிறியா?"

"நான் நீர்நாயிங்க சார்."

"இருந்துட்டுப் போ. நான் பொறுப்புள்ள பிரஜை."

பொறுப்புள்ள பிரஜை அன்றைக்கே நாலு பக்கத்துக்குப் புகார் எழுதினார். தொட்டி எங்கே இருக்கிறது என்று எட்டிப் பார்க்க அவருக்கு நேரமில்லை, நாலு பக்கம் எழுத நேரமிருந்தது. குழு கூடியது. தண்ணீரைச் சேமிக்கிறேன் என்றால் கைதட்டாத சபை எங்கே இருக்கிறது? எல்லாரும் தட்டினார்கள். கோதண்டத்துக்கு 'நீர்க் காவலர்' என்று பட்டம் கொடுத்து, நாலு கன்னுக்கும் பூட்டுப் போட்டு, சாவியை அவர் கழுத்திலேயே மாட்டிவிட்டார்கள்.

ஆண்டியப்பன் வீரபத்திரரிடம் ஓடினான். "ஒழுக விட வேண்டாமுங்க. குழாய்க்குள்ள நிக்கிற தண்ணியவாச்சும் வடிச்சு விட்டுடறேனுங்க. காலியா இருந்தா வெடிக்காதுங்க."

"ஒழுக விட்டதுக்கே நாலு பக்கம் புகார் வந்திருக்கு. இப்ப மொத்தமா வடிக்கப் போறியா?" என்றார் தலைவர். "மனு குடு. சித்திரையில பரிசீலிக்கலாம்."

மூன்றாம் நாள் விடியற்காலையில் குழாய் ஏழு இடத்தில் வெடித்தது. பீய்ச்சியடித்த தண்ணீர் விழுந்த இடத்திலெல்லாம் உறைந்தது. வெயில் வந்து பார்த்தால், கொட்டகையின் கூரையிலிருந்து தரைவரைக்கும் பனிக்கட்டி திரை திரையாகத் தொங்கியது. முந்தின நாள் யாரோ சேற்றோடு விட்டுப்போன ஜீப் ஒன்று கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த மாதிரி நின்றது. சுற்றியிருந்த சாக்கெல்லாம் கிழிந்து கிடந்தது. ஆண்டியப்பன் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். வளை போயிற்று என்று நினைத்தான். அதைவிட, மூன்று வருஷமாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்த குழாய் இப்படிக் கிடக்கிறதே என்று அவனுக்கு அழுகை வந்தது.

சிலம்பாயி பதிவேட்டைக் கொண்டுவந்து அவன் மடியில் வைத்தாள். "எந்திரிச்சு எழுதுங்க. மூணு வருஷத்துல இன்னிக்குத்தான் எழுதறதுக்குன்னு ஒண்ணு கெடச்சிருக்கு."

அவன் எழுதி முடிப்பதற்குள் ஒரு மலை அணில் வந்து பனித்திரைக்கு முன்னால் நின்று செல்ஃபி எடுத்து எல்லாருக்கும் அனுப்பிவிட்டது. பத்து மணிக்கு வரிசை நின்றது. மத்தியானத்துக்குள் சமவெளியிலிருந்து மிருகங்கள் வேன் பிடித்து வந்தன. ஆண்டியப்பனை வேலையைவிட்டுத் தூக்குவதற்காகப் புறப்பட்டு வந்த வீரபத்திரர், வரிசையைப் பார்த்தார், கேமராவைப் பார்த்தார், கொம்பைத் துடைத்துக்கொண்டார். "இது எங்க குழு ரொம்ப நாளா திட்டம் போட்ட பனி விழா" என்று அறிவித்தார். தொலைநோக்கோடு குழாயை மூடிய கோதண்டத்துக்கு அங்கேயே மாலை விழுந்தது. அவரும் கூச்சப்படாமல் குனிந்து கொடுத்தார்.

சாயங்காலம் ஆண்டியப்பனைக் கூப்பிட்டு விசாரித்தார்கள்.

"இந்தத் தண்ணி வருஷா வருஷம் இப்படி உறையுமா?"

"விட்டா உறையுமுங்க."

"அப்ப மூணு வருஷமா உறைய விடாம தடுத்தது யாரு?"

ஆண்டியப்பன் "நாந்தானுங்க" என்றான்.

அவன் ஏதோ வேலை செய்திருக்கிறான் என்பதை அந்தக் காடு அன்றைக்குத்தான் முதல் தடவையாக ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டு குற்றப்பத்திரிகையில் எழுதியது. மூன்று பனி விழாக்களைக் காட்டுக்குத் தெரியாமல் தடுத்துவிட்டான் என்பது குற்றச்சாட்டு. 'இனிமேல் எதையும் தடுக்க மாட்டேன்' என்று மூன்று நகலில் எழுதிக் கொடுத்தால் மன்னிப்பதாகச் சொன்னார்கள். ஆண்டியப்பன் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே கிழிந்து கிடந்த சாக்கைப் பார்த்தான். அப்புறம் பம்ப் அறை வாசலில் நின்ற சிலம்பாயியைப் பார்த்தான். கையெழுத்துப் போட்டான்.

"பதிவேட்டுலயும் ஒரு சம்பவம் வந்திருச்சு" என்றார் வீரபத்திரர் திருப்தியாக. "நிரந்தரம் பண்ணிரலாம்."

அடுத்த மார்கழியில் ஆண்டியப்பன் அவர்கள் சாயங்காலம் ஐந்து மணிக்கு நாலு கன்னையும் தம் கையாலேயே இறுக்கி மூடினார். பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு ஓடைக்கரைக்குக் கிளம்பினார். குழாய் குறித்த நாளில் வெடித்தது. வண்டி கழுவ வந்தவர்கள் பனிக்கு முன்னால் படம் எடுத்துக்கொண்டு, அதே சேற்றோடு சந்தோஷமாகத் திரும்பிப் போனார்கள்.

ஓடைக்கரை வளைக்கும் ஒரு குழாய் உண்டு. வாசலிலேயே ஓடை ஓடினாலும் நிரந்தர ஊழியரின் வீட்டில் குழாய் இருந்தாக வேண்டும். அந்தக் குழாய்க்கு ஆண்டியப்பன் புதுச் சாக்குச் சுற்றி, நூல் கனத்துக்கு ஒழுக விட்டிருந்தார். நடக்கப் போன கோதண்டம் அதைப் பார்த்துவிட்டார். கை பரபரக்க இரண்டடி எடுத்து வைத்தவர், வாசலில் தொங்கிய பெயர்ப்பலகையைப் படித்தார். கையை இழுத்துக்கொண்டார்.

"என்ன சார், சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

நீதி: நடக்காமல் தடுத்த ஆபத்துக்குச் சாட்சி கிடையாது. ஆகவே ஊர்க் குழாயை வெடிக்க விட்டுப் பதிவேட்டில் எழுதுங்கள், வீட்டுக் குழாயை மட்டும் ஒழுக விடுங்கள்.