பொடியாக்கிய படிகம்

மரியாதைக்குரிய அண்ணனுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் என் மனைவியும் உடம்பால் சுகம். மனசால் எப்படி என்பதை, படித்து முடித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள். அண்ணியின் முழங்கால் வலி தேவலையா?

உங்கள் பெயிண்ட் கம்பெனி பரிசோதனைக் கூடத்தில் என் மகளுக்கு வேலை பேசி வைத்துவிட்டு, "பதில் சொல்லாமல் ஏன் இழுக்கிறாய்?" என்று கேட்டிருந்தீர்கள். இழுக்கவில்லை அண்ணா. இந்த வீட்டில் வாயைத் திறக்க முடியவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

அவளுடைய ஆராய்ச்சி, படிகம் வளர்ப்பது. ஏதோ ஒரு கரிமப் பொருளைத் தண்ணீரில் கரைத்து, கடுகளவு படிகத்தை விதையாக நூலில் கட்டித் தொங்கவிட்டால், தண்ணீர் மெல்ல ஆவியாக ஆக அது பெரிதாகும். கண்ணுக்குத் தெரியாத லேசர் ஒளியை அதற்குள் அனுப்பினால் பச்சை ஒளியாக வெளியே வரவேண்டுமாம். வருமா வராதா என்பதில்தான் அவளுடைய பட்டமே இருக்கிறது. மோதிரத்தில் பதிக்கலாமா என்று அண்ணி கேட்டார்களாம். கை கழுவினால் கரைந்துபோகும் என்று சொல்லிவிடுங்கள்.

அது பல்கலைக்கழகத்திலேயே வளர்ந்திருந்தால் நமக்கென்ன? அங்கே பக்கத்து அறையில் சுவரைத் துளைக்கிற வேலையை ஆரம்பித்துவிட்டார்கள். அதிர்வு ஆகாது என்று, நெறியாளர் அம்மாவிடம் அனுமதி வாங்கி, வெப்பம் மாறாத தொட்டியோடு எங்கள் கூடத்துக்கே கொண்டுவந்துவிட்டாள். மின்விசிறி கூடாது, டிவி கூடாது, கதவைச் சாத்தக் கூடாது, சாத்தியிருந்தால் திறக்கக் கூடாது. நான் விளையாட்டு ஆசிரியராக இருந்தவன், காலமெல்லாம் மைதானத்தில் கத்திச் சம்பாதித்தவன். என்னைச் சமையலறையில் உட்காரவைத்துக் கிசுகிசுக்கச் சொன்னாள். உப்பு ஜாஸ்தி என்று நான் கிசுகிசுத்ததை, உப்பு வேண்டும் என்று எடுத்துக்கொண்டு என் மனைவி இன்னொரு கரண்டி போட்டாள். அவளுக்கோ தீராத இருமல். வந்தால் தலையணையை வாயில் பொத்திக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடுவாள்.

சும்மா சொல்லக் கூடாது அண்ணா, அது வளர்ந்தது. வெளிர் மஞ்சள் நிறம், பட்டை தீட்டினாற்போல் ஓரங்கள், புளியங்கொட்டை அளவு. எழுந்ததும் பல்கூட விளக்காமல் நாங்கள் இருவரும் போய் அதன் முன்னால் நிற்போம்.

ஒருநாள் மகள் அதை வெளியே எடுத்து விளக்குக்கு எதிரே பிடித்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நடுவுல மேகம் மாதிரி இருக்கு பாத்தீங்களாப்பா? வளரும்போது கரைசல் உள்ள மாட்டிக்கிச்சு. இதை வெட்டி உபயோகப்படுத்த முடியாது."

"என் இருமலாலதான்" என்று மனைவி அழ ஆரம்பித்தாள்.

"இல்ல, நேத்து நான்தான் சத்தமா கொட்டாவி விட்டேன்" என்றேன்.

"யாராலயும் இல்ல. சில சமயம் இப்படித்தான் ஆகும்" என்று எங்களைத் தேற்றினாள். அவளைத் தேற்ற எங்களுக்குத் தெரியவில்லை.

மறுநாள் எங்களையும் ஆய்வகத்துக்கு அழைத்துப்போனாள். அங்கே எங்கள் கண்ணெதிரே அந்தப் படிகத்தைக் கல்வத்தில் போட்டு நொறுக்கினாள்.

"அடிப் பாவி! இடிக்கறதுக்காடி நான் இருமலை முழுங்கிட்டுக் கெடந்தேன்?"

"கட்டியா உதவாதும்மா. ஆனா இந்தப் பொருளுக்கு அந்தக் குணம் இருக்கான்னு பொடியிலயே பாத்துடலாம்."

பொடியை மெல்லிய கண்ணாடிக் குழாயில் அடைத்தார்கள். எங்களுக்கும் கறுப்புக் கண்ணாடி மாட்டிவிட்டு விளக்கை அணைத்தார்கள். இயந்திரம் டக்டக்கென்று அடித்தது. ஒன்றுமே தெரியவில்லை. மகள் எதையோ கொஞ்சம் நகர்த்தினாள். அந்தப் பொடிக்குள்ளிருந்து பச்சையாக ஒரு புள்ளி எரிந்தது. எரிந்து அணைந்து எரிந்துகொண்டே இருந்தது.

"வந்துடுச்சுடி!" என்று கத்தினாள் என் மனைவி. யாரும் அவளை அதட்டவில்லை. மகள் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. மேஜை விளிம்பை இறுகப் பிடித்தபடி பார்த்துக்கொண்டே நின்றாள். என் பிள்ளையின் முகத்தில் பச்சை வெளிச்சம் விழுந்துகொண்டிருந்தது.

விளக்கைப் போட்டதும் நெறியாளர் அம்மா, "நல்லா வந்திருக்கும்மா. இனிமே தெளிவான படிகமா ஒண்ணு வளத்துடு" என்றார், ஏதோ பக்கத்துக் கடையில் வாங்கி வரச் சொல்வதுபோல.

மறுபடியும் முதலிலிருந்து! எங்களால் ஆகாது அண்ணா. பச்சை வந்தது சந்தோஷம்தான், ஆனால் அவளுக்கும் ஒரு வாழ்க்கை வேண்டாமா? நீங்கள் பெரியவர். ஞாயிற்றுக்கிழமை புறப்பட்டு வந்து, "போதும்மா, வேலைக்குப் போ" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். எனக்கு அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல நாக்கு எழவில்லை.

அண்ணிக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி.

என்றும் உங்கள் சொல் தட்டாத,
தம்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் மனைவி இதைப் படித்தாள். "எல்லாம் சரி, அப்ப காலையிலேருந்து சோபாவை எதுக்கு வெளிய இழுத்துப் போட்டீங்க?" என்று கேட்டாள். தெருவில் லாரி போனால் சுவரோரம் அதிர்கிறது, தொட்டியைக் கூடத்து நடுவில் வைத்தால் அதிராது என்று எனக்கே தோன்றியது, அவ்வளவுதான். புது விதையைத் தொங்கவிட்டாயிற்று. ஆகவே நீங்கள் வரவேண்டாம். அந்த வேலைக்கு வேறு நல்ல பெண்ணாகப் பாருங்கள். மீறி வந்துவிட்டால் தயவுசெய்து கதவைத் தட்டாதீர்கள். வாசலிலேயே இருங்கள். விடிந்ததும் பால் வாங்கத் திறப்பேன்.